உன் அப்பாவுக்கு விருது கொடுத்த தெரு

குமரா,

நேற்றுச் சாயங்காலம் நீ கூப்பிட்டு, வீட்டுச் சாமான்களை ஏற்ற லோரிக்காரரை என்றைக்கு வரச் சொல்லட்டும் என்று கேட்டபோது, இங்கே மழை கொட்டுகிறது, ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மழை பெய்யவில்லை. செர்டாங்கில் நேற்று நல்ல வெயில். கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் காயப்போட்ட துண்டு மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியது தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நான் ஒன்று சொன்னால் நீ உடனே ஒரு பதிலோடு வருவாய். அதற்கு நான் வார்த்தை தேடுவதற்குள் உன்னை யாராவது வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் துணி வெட்டுகிற மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் அப்பா பக்கத்தில் நாற்காலியில் இருக்கிறார். சாப்பிட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டே கண் அயர்கிறார்.

விருது விழாவில் அவர் பேசியதை யாரோ கைப்பேசியில் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ அழுதாய் என்று மருமகள் லாவண்யா சொன்னாள். "அவரை எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்கம்மா. போதும், ரெண்டு பேரும் கெளம்பி வந்துடுங்க" என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்திருந்தது எனக்கும் கேட்டது. அந்தப் படத்தை நம் கடையில் தைக்கிற தேவகி எனக்கும் காட்டினாள். அப்பா மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தீபாவளிச் சரக்கைப் பற்றிப் பேசுகிறார், கூட்டம் வாயடைத்து நிற்கிறது, அதோடு முடிந்துவிடுகிறது. அதை மட்டும் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆனால் எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

அதற்கு முன், நீ படிக்கப் போன பிறகு இந்தத் தெருவுக்கு என்ன ஆனது என்பதை நீ முழுதாகப் பார்த்ததில்லை. விடுமுறைக்கு வருவாய், சாப்பிடுவாய், தூங்குவாய், போய்விடுவாய். பெரிய சாலையோரம் புதுக் கடைகள் கட்டியதும் இங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே மாறினார்கள். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்கள் சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் என்று தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். காலியான கடைவீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிக் குருவிக்கு விட்டார்கள். சூப்புக்காக விற்பார்களே, அந்தக் கூட்டைக் கட்டும் சின்னக் குருவி. மாடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கையளவு ஓட்டைகளை மட்டும் விட்டார்கள். குருவிகளைக் கூப்பிடுவதற்காகக் குருவிச் சத்தத்தையே பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். விடிவதற்கு முன்னால் தொடங்கினால் பொழுது சாய்கிற வரை கேட்கும். அதிகாலைப் பனியில் கதவைத் திறந்து நின்றால் தெருவில் ஓர் ஆள் இருக்க மாட்டான், ஆனால் தலைக்கு மேல் ஆயிரம் குருவிகள் கத்துவது போல் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒன்றுகூட இருக்காது. சில நாள் எனக்கே நான் விழித்திருக்கிறேனா, இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறேனா என்று தெரியாது.

நம் துணிக்கடையையும் கேட்டு வந்தார்கள். நீயும் கொடுத்துவிடலாம் என்றாய், நானும் அதையேதான் சொன்னேன். அப்பா முடியாது என்றார். அத்தோடு அவர் விடவில்லை. ஒரு பக்கம் ஆ ஹொக்கின் இரும்புச் சாமான் கடை, இன்னொரு பக்கம் சிக்கு ரொஹானியின் தகப்பனார் நடத்திய புத்தகக் கடை. அது பூட்டிக் கிடந்தது, ஊரே சிக்கு, அதாவது டீச்சர், என்று கூப்பிடும் ரொஹானி வேலையில் இருந்து ஓய்வு பெற்றிருந்த நேரம். இரண்டு பேரிடமும் அப்பா போய் உட்கார்ந்தார். ஆ ஹொக் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நிலையில் இருந்தான். சீனனாக இருந்தாலும் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவன், உனக்குத் தெரியும். அவனிடம் அப்பா சண்டை போடவில்லை. "குருவி வந்து ஆணி வாங்காதுலா. மனுசன் ஒரு நாள் திரும்ப வருவான். வர்றப்ப ரெண்டு மூணு கதவாச்சும் தொறந்திருக்கணும்" என்றாராம். இதை ஆ ஹொக்தான் எனக்குச் சொன்னான். அவன் கையெழுத்துப் போடவில்லை. சிக்கு ரொஹானியும் விற்கவில்லை. தெருவின் நடுவில் மூன்று கடைகளின் ஜன்னல்கள் மட்டும் அடைபடாமல் இருந்தன.

மனிதர்கள் உடனே திரும்பி வந்துவிடவில்லை. வெகுகாலம் யாரும் வரவில்லை. அப்பா மட்டும் காலையில் குளித்து, விபூதி பூசி, கதவுப் பலகைகளை எடுத்து அடுக்கிவிட்டு உட்காருவார். பிறகு கடையின் முன்பாதியைத் தேவகிக்கு விட்டார், ரவிக்கை தைக்க ஓர் இடம் கிடைக்குமா என்று தயங்கிக்கொண்டு வந்து கேட்ட பெண் அவள். அவளைத் தேடிப் பெண்கள் வந்தார்கள். பெண்கள் வந்ததால் சிக்கு ரொஹானி புத்தகக் கடையைத் திறந்து பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு வைத்தார். பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் காத்திருக்க ஒரு கோப்பிக் கடை வந்தது. வெளியூர்க்காரர்கள் கட்டிய எல்லா வீட்டுக்கும் குருவி வரவில்லை. வராத வீடுகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். செங்கல்லை உடைத்து ஜன்னல் வைத்த அன்று, பல வருடம் இருட்டிலிருந்த மாடிக்குள் வெளிச்சம் விழுந்ததைப் பார்க்கத் தெருவே கூடி நின்றது. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் காடி, மோட்டார் சைக்கிள் எதையும் தெருவுக்குள் விடுவதில்லை. ரொட்டி சுடுகிற வாசம், மல்லிகை, சத்தே இறைச்சிப் புகை, பிள்ளைகளின் சைக்கிள் மணி எல்லாம் சேர்ந்து மாடிக்கு ஏறி வரும்.

தெரு திரும்பி வந்த அதே வருடங்களில்தான் உன் அப்பா எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார். முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு காலம். காலி நாற்காலியைப் பார்த்து, "பெரிய கிராணி வந்திருக்காரு, தண்ணி கொடு" என்பார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக இருந்த அவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அஞ்சடியில் நின்று யாரும் இல்லாத சாலையைப் பார்த்து வாங்க வாங்க என்று கூப்பிடுவார். தெரு காலியாக இருந்த நாளில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் ஆள் நடமாட்டம் வந்த பிறகு ஒன்று நடந்தது, குமரா. அவர் வாங்க என்று கூப்பிட்டால், இப்போது நிஜமாகவே யாராவது வந்தார்கள். அவர் மனசுக்குள் இருந்த தெருவும் வாசலில் இருந்த தெருவும் ஒன்றாகிவிட்டன. அவர் பேசுவதில் பாதி சரியாக அமைந்துவிடும். பெயர் மாற்றிக் கூப்பிட்டால்கூட, கூப்பிடப்பட்டவர்கள் அந்தப் பெயரிலேயே வந்து உட்கார்ந்து போனார்கள்.

ஷா ஆலாமில் உன் வீட்டில் நாங்கள் வந்து தங்கினோமே, அப்போது நீங்கள் இருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினாய். யாழினி தாத்தாவுக்குத் தன் கட்டிலையே கொடுத்தாள். நீ வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அவர் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். தேடிப் போனேன். மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறக்கும், ஆட்கள் வருவார்கள், ஒவ்வொருவரையும் வாங்க என்பார். அவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, யாரென்று தெரியாத கிழவர். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடை எங்க போச்சு?" என்று கேட்டார். நாங்கள் சீக்கிரமே ஊருக்குக் கிளம்பியதற்குக் காரணம் உன் வீட்டுச் சாப்பாடு இல்லை, அது நான் சொன்ன சாக்கு. இதை உனக்கு அப்போதே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி விழாவுக்கு வருகிறேன். தெருக் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து, பழைய தெருவுக்கு உயிர் வரக் காரணமானவர்களுக்கு இந்த வருடத்திலிருந்து விருது கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ரொட்டிக்கடைப் பிள்ளைகளுக்கு ஒன்று, சுவரில் படம் வரைந்தவர்களுக்கு ஒன்று, இப்படிச் சில. எல்லாவற்றிலும் பெரிய விருது உன் அப்பாவுக்கு என்று சொல்ல சிக்கு ரொஹானியும் ஆ ஹொக்கும் வந்தார்கள். எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன், அவர் வீட்டில் இருக்கட்டும் என்றேன். சிக்கு ரொஹானி என் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் மெதுவாகப் பேசினார். அண்ணே நடுவில் எழுந்து போனாலும் பரவாயில்லை, வேறு எதையாவது பேசினாலும் பரவாயில்லை, ஆனால் அவர் இருக்கும்போது அவருடைய நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்துக் கொடுக்க எங்களுக்கு மனம் வராது என்றார். ஆ ஹொக் போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அன்றே உன்னைக் கூப்பிட்டேன், சரவாக்கில் வேலை, வர முடியாது என்றாய். நானும் வற்புறுத்தவில்லை.

அன்று மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாயங்கால வெயில் ஈரச் சாலையில் விழுந்து, கடைகளின் நிறமெல்லாம் கீழேயும் தெரிந்தது. மஞ்சள் சுவர், நீல ஜன்னல், காகித விளக்குகள். தண்ணீருக்கடியில் இன்னொரு தெரு இருந்து, அதன் மேல் நாங்கள் நடந்து போவது போலிருந்தது. அப்பா வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். "நல்ல கூட்டம்" என்றார். நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள், அவரும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். அவர் பெயரைச் சொன்னதும் எழுந்து நேராக மேடைக்குப் போனார். பொன்னாடை போர்த்தினார்கள். கனமான கண்ணாடிக் கட்டி ஒன்று, அதில் தெருவின் படமும் அவர் பெயரும் செதுக்கியிருந்தது, அதைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி யாரோ ஒலிவாங்கியை நீட்டிவிட்டார்கள். அது முன்கூட்டி யோசித்துச் செய்ததில்லை, எல்லோருக்கும் நீட்டிய பழக்கத்தில் நீட்டியது.

நீ பார்த்தது அதைத்தான். "எல்லாரும் வந்துட்டீங்களா? தீபாவளிக்குப் புதுச் சரக்கு வந்திருக்கு. நெருக்காதீங்க, எல்லாருக்கும் இருக்கு. மாசோக், மாசோக். உள்ள வாங்க, கடை தொறந்துதான் இருக்கு" என்றார். தெரு முழுக்கச் சத்தம் நின்றுபோனது. எங்கோ ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. அவரைக் கூட்டி வந்துவிடலாம் என்று எழுந்தேன். படம் இந்த இடத்தில் முடிகிறது.

முன்வரிசையில் இருந்து ஆ ஹொக் எழுந்தான். சிரிக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "தவுக்கே, எனக்கு ஒரு சட்டைத் துணி வேணும்" என்று கடை முதலாளியிடம் கேட்பது போலவே கேட்டான்.

அப்பா அவனை மேலும் கீழும் அளந்து பார்த்தார். "உனக்கு நீலந்தான் நல்லாருக்கும். வா" என்றார். ஒலிவாங்கியைப் பக்கத்தில் இருந்தவரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, பொன்னாடையோடு படியிறங்கினார். கூட்டம் வழி விட்டது. அவர் முன்னால் நடக்க, பக்கத்தில் ஆ ஹொக் நடக்க, பின்னால் நான் ஓட, எனக்குப் பின்னால் யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைக்குள் போய்த் திரும்பிப் பார்த்தேன். சிக்கு ரொஹானி, தேவகி, ரொட்டிக்கடைப் பிள்ளைகள், முகம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் அஞ்சடியில் நின்றிருந்தார்கள்.

விற்காமல் மீந்த சில துணிச் சுருள்கள் மேல்தட்டில் கிடப்பது உனக்குத் தெரியும். அதில் நீலத்தை அவரே எட்டி எடுத்தார். மேசையில் விரித்தார். நுனி சுருண்டு வந்தது. கையிலிருந்த விருதைத் துணியின் மேல் வைத்து அழுத்திவிட்டு, அளவுக்கோலை வைத்து அளந்து, கத்தரியைப் போட்டார். பல நாளாக அவர் கையில் கத்தரியைக் கொடுக்கவே நான் பயந்திருந்தேன். அது நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி மறுமுனையில் நின்றது. மடித்து, ஆ ஹொக் தோளில் வைத்துப் பார்த்து, "பாரு, சொன்னேன்ல" என்றார். அடுத்து ஒரு பெண் வந்து மேசைவிரிப்புக்குத் துணி கேட்டாள். பிறகு இன்னொருவர். வந்தவர்களுக்குத் துணி தேவையா என்று எனக்குத் தெரியாது. யாரும் பாவனை செய்வது போல் நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும். நிறம் கேட்டார்கள், தடவிப் பார்த்தார்கள், இது சாயம் போகுமா என்று ஒருவர் விசாரித்தார். போனால் கொண்டு வாருங்கள் என்றார் அப்பா.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை மேல் இருந்த கண்ணாடிக் கட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. தூரத்தில் இருந்து யாரோ நடந்து கிட்டே வருவது போல அவர் கண்ணுக்குள் அவரே வந்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"தீபாவளி இல்லைதானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப எதுக்கு இவ்வளவு பேரு?"

"உங்களைப் பாக்க வந்திருக்காங்க."

அவர் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. வேட்டியைச் சரி செய்துகொண்டார். "அப்ப ஏன் நிக்கிற? எல்லாருக்கும் தேத்தண்ணி போடு" என்றார்.

போட்டேன். வீட்டில் இருந்த குவளை போதாமல் கோப்பிக் கடையில் இருந்து வாங்கி வந்தார்கள். அந்தத் தெளிவு தேநீர் ஆறுகிற வரைக்கும் இருந்திருக்கும். அதற்குள் அவர் ஆ ஹொக்கிடம் அவன் அம்மாவைப் பற்றி விசாரித்தார், தேவகியின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடச் சொன்னார், உன்னைப் பற்றியும் கேட்டார். பெரிய வேலையில் இருக்கிறான், உங்களை நன்றாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான் என்றேன். "அவன் நல்லவன்" என்றார். பிறகு மறுபடி தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

குமரா, உன் பயம் எனக்கும் உண்டு. அவர் விழலாம். எனக்கும் வயதாகிறது, படியேறினால் முட்டி வலிக்கிறது. ஒரு நாள் இந்தத் தெருவும் அவருக்குத் தெரியாமல் போகும், என்னையும் தெரியாமல் போகும் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த நாள் வந்தால் நானே உன்னைக் கூப்பிடுவேன். அப்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நீ சொல்கிற இடத்துக்கு வருவேன். எந்த வீடாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்றாகிவிட்ட பிறகு, நீ இருக்கிற வீட்டைவிட நல்ல வீடு எங்களுக்குக் கிடையாது. ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை. இன்றைக்கு அவர் வாசலில் நின்று வாங்க என்றால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அவர் கொஞ்சம் தூரம் நடந்து போனால், மூலையில் பூக்காரியோ ஆ ஹொக்கோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட்டி வந்துவிடுகிறார்கள். அவர் நட்ட மரத்தின் நிழலில் அவர் உட்காரக் கிடைத்திருக்கிறது. எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? இவ்வளவு சீக்கிரம் அவரை அதிலிருந்து எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அம்மா என்ற உரிமையில் உனக்கும் ஒன்று சொல்கிறேன். உன் மாடியில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், நீ யோசித்தாய். எங்களுக்காக இல்லை, உனக்காக அவர்கள் பெயரைத் தெரிந்துகொள். யாழினியின் கையில் ஒரு தட்டு முறுக்கு கொடுத்து அனுப்பு. பதிலுக்கு ஒன்றும் வராவிட்டாலும் அடுத்த பண்டிகைக்கும் அனுப்பு. உன் அப்பா இந்தத் தெருவில் செய்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊர் கூடிப் பொன்னாடை போர்த்துகிற நாள் உனக்கு வரலாம், வராமலும் போகலாம். மின்தூக்கிக் கதவு திறக்கும்போது உன்னைப் பார்த்து நின்று பேசுகிறவர்கள் நாலு பேராவது இருக்க வேண்டும்.

இன்று காலையில் லோரிக்காரரிடம் நானே பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும், அந்தக் கோபத்தோடேயே புறப்பட்டு வா. லாவண்யாவையும் யாழினியையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வா. மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன், இப்போது அங்கே நல்ல காற்று வருகிறது. அன்றைக்குக் காடியைத் தெருவுக்குள் விட மாட்டார்கள், முனையில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். வழியில் உன்னை அடையாளம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். அவசரப்படாதே. நின்று எல்லோரிடமும் பேசிவிட்டு வா. நாங்கள் எங்கேயும் போய்விட மாட்டோம்.

உன் அம்மா